எருமைக்கா, டேங்குக்கா

எதிரில் இருக்கிற காலேஜில் கேஸ் டேங்க் கட்டிய வருஷம்தான் என் சின்ன எருமையைத் தரகருக்குக் காட்ட வேண்டி வந்தது. டேங்குக்கும் எருமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எனக்கு எதையும் அவசரமாகச் சொல்ல வராது. எழுதுவது அதைவிட மெதுவாகத்தான் வரும். மகளிர் குழுவில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட கை இது. பஸ் போர்டும் கடைப் போர்டும் படித்தே பழகிய கண்.

எங்கள் ஊர் வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் பெரிய ரோட்டை ஒட்டி இருக்கிறது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் காலேஜ். இப்போது அதன் வாசலில் பல்கலைக்கழகம் என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆனாலும் ஊரில் யாருக்கும் அந்தப் பேர் வாயில் நுழையவில்லை. காலேஜ் என்றால்தான் ஷேர் ஆட்டோக்காரனும் நிறுத்துகிறான்.

நான் வயசுக் காலத்தில் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போனவள். ஷூவின் மேல்பாகத்துக்குத் தோல் துண்டுகளைச் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற வேலை. நான் ஒட்டினது பிரிந்து திரும்பி வந்ததாக ஒரு சூப்பர்வைசரும் சொன்னது கிடையாது. கண் எரிய ஆரம்பித்ததும் நானே நின்றுவிட்டேன். நின்றபோது கையில் வந்ததில் ஒரு எருமை வாங்கினேன். அதன் வம்சம்தான் இன்றைக்கும் என் கொட்டகையில் நிற்பது. இந்தக் கதை நடந்தபோது தாயும் மகளுமாக இரண்டு இருந்தன. பெரியது, சின்னது என்றுதான் கூப்பிடுவேன். பெரியதுக்கு வயசாகிவிட்டது, பால் வற்றிக்கொண்டு வந்தது. சின்னது தலைச்சன் சினை.

எருமை வளர்க்க மேய்ச்சல் வேண்டும். எங்கள் ஏரியில் புல் இருக்கிறது. போட்டோ பிடித்தால் பச்சைப்பசேல் என்று அழகாக விழும். ஆனால் தோல் பதனிடுகிற ஷாப்புத் தண்ணீர் ஒரு காலத்தில் வந்து நின்ற ஏரி அது. என் எருமைகள் அந்தப் புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு, சம்பந்தம் பிடிக்காத மாமியார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வைக்கோல் திமிரிப் பக்கத்திலிருந்து லாரியில் வருகிறது. அது வசதி இருக்கிறவர்கள் வாங்குகிற பண்டம். அதனால் என் எருமைகள் வளர்ந்ததெல்லாம் காலேஜ் லேடீஸ் ஹாஸ்டலின் கழனித்தண்ணியில்தான். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், தட்டில் மிஞ்சின சோறு எல்லாம் சேர்ந்ததைத்தான் எங்கள் பக்கம் கழனித்தண்ணி என்போம்.

விடிந்ததும் தள்ளுவண்டியில் டிரம்முகளை வைத்துத் தள்ளிக்கொண்டு பின்வாசலுக்குப் போவேன். ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் கையேந்தி வாங்கிப் போனவள் இல்லை. நான் அள்ளிப் போகாவிட்டால் அந்தப் பின்பக்கம் ஈயும் நாயுமாகக் கிடக்கும். டிரம்மை நானே தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவித்தான் கொண்டுபோய் வைப்பேன். எருமை கறக்கிற காலத்தில் சமையல் பெண்களுக்கும் வாட்ச்மேனுக்கும் மோர் கொடுப்பேன். காலேஜில் பாடம் சொல்லித் தருகிறவர்கள்கூட கழுத்தில் அட்டை மாட்டினால்தான் உள்ளே போக முடியும். எனக்கு அட்டை கிடையாது. என் வண்டிச் சத்தம் கேட்டால் கேட் திறக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் காலேஜுக்குப் பசுமை வந்தது. முதலில் போர்டு வந்தது. பிறகு பிளாஸ்டிக் கவர் கூடாது என்றார்கள். கேண்டீனில் டீ கண்ணாடி கிளாஸுக்கு மாறியது. பிள்ளைகள் எல்லோரும் எவர்சில்வர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீர்ப் பந்தலுக்குப் போகிற மாதிரி போனார்கள். சார்மார்கள் சைக்கிளில் வர ஆரம்பித்தார்கள். அதில் ஒருவர் பேலன்ஸ் கிடைக்காமல் எங்கள் ஊர் முனையில் தினமும் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்பார். நாங்களும் தினமும் பார்ப்போம்.

அப்புறம் எங்கள் ஊரைத் தத்து எடுத்தார்கள். ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் எங்களை உட்கார வைத்தார்கள். சமூகப் பொறுப்பு என்று ஒரு சார் பேசினார். இன்றிலிருந்து உங்கள் ஊர் எங்கள் தத்துக் கிராமம் என்றார். என் எதிர்வீட்டுக்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம். எழுந்து நின்று, "தத்து எடுத்தா சொத்துல பங்கு உண்டா சார்?" என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சாரும் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

கிண்டல் பண்ணினோமே தவிர, அவர்கள் செய்ததைக் குறை சொல்ல மாட்டேன். கால்வாயைத் தூர் வாரினார்கள். கை கொப்பளிக்கக் கொப்பளிக்க அந்தப் பெண் பிள்ளைகள் மண்வெட்டி பிடித்ததை நான் பார்த்தேன். எங்கள் போர் தண்ணீரைக் கொண்டுபோய்ப் பரீட்சை பண்ணி, இது குடிக்க ஆகாது என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். கண் முகாம் போட்டார்கள். இதை எழுதுகிற கண்ணாடி அவர்கள் கொடுத்ததுதான். அந்த முகாமில் என்னை ஒரு பெண் போட்டோ எடுத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இந்தப் பசுமை வேலைக்கெல்லாம் பொறுப்பு ஒரு மேடம். சின்ன வயசு, நூல் புடவை, சைக்கிளில் பேலன்ஸ் தவறாமல் போகிறவர். அவர் ஹாஸ்டலில் கை கழுவுகிற இடத்தில் ஒரு தராசையும் ஒரு கரும்பலகையையும் வைத்தார். தட்டில் மிஞ்சினதைத் தராசில் கொட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இன்றைக்கு இவ்வளவு சோறு வீண் என்று பலகையில் எழுதுவார்கள். பிள்ளைகளுக்கு வெட்கம் வந்து, போடுவதைக் கம்மியாகப் போட்டுச் சாப்பிடப் பழகினார்கள். நல்ல காரியம்தான். என் டிரம்மில் சோறு மட்டும் அடியில் போய்விட்டது. கஞ்சியும் தோலும் இருக்கிறதே என்று நான் சும்மா இருந்தேன்.

அந்தக் கஞ்சிக்கும் தோலுக்கும் ஒரு நாள் வேட்டு வந்தது. அதைச் சொன்னவர் மெஸ் சூப்பர்வைசர். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் வருகிறதற்கு முன்னால் பினாயில் வாசனை வரும். அவ்வளவு சுத்தக்காரர். மாசா மாசம் வேலூர் லாங் பஜாருக்கு அவரே போய், கேன் கேனாக மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துத்தான் பினாயில் வாங்குவார் என்று சமையல் பெண்கள் சொல்வார்கள். மல்லிகைப்பூ வாங்குகிற மாதிரியாம்.

"பெரியம்மா, வர்ற மாசத்திலிருந்து கழனித்தண்ணி கெடையாது. எல்லாம் டேங்குக்கு" என்றார்.

"டேங்கு இன்னாபா பண்ணும், குடிக்குமா?"

"குடிக்கும். குடிச்சிட்டு கேஸு வுடும்."

"என் எருமையும் அதத்தான பண்ணுது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். பெரிய தொட்டி, மேலே கவிழ்த்த கொப்பரை மாதிரி ஒன்று, ஒரு பக்கம் கொட்டுகிற வாய், மறுபக்கம் அடுப்புக்குப் போகிற குழாய். சமையல்கட்டில் பால் காய்ச்சுகிற அடுப்பு இனிமேல் சிலிண்டரில் எரியாதாம்.

நான் மேடத்தைப் பார்க்கப் போனேன். கெஞ்சப் போகவில்லை, விவரம் கேட்கத்தான் போனேன். அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மக்கிப்போகிற சோறு எப்படிக் கேஸாகிறது, அதனால் காற்றுக்கு என்ன நன்மை என்று பொறுமையாகச் சொன்னார். கடைசியில், "இதனால உங்களுக்கு ஏதாவது கஷ்டமாம்மா?" என்று கேட்டார். கேட்ட விதம் நல்ல விதம்தான். ஆனால் அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கென்ன கஷ்டம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கஷ்டம் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. முதல் தடவை டேங்கை நிரப்ப ஒரு டிராக்டர் நிறையச் சாணம் ரோட்டில் போனதைப் பார்த்தேன். எங்கேயோ பெரிய மாட்டுப் பண்ணையிலிருந்து வந்ததாம். ரோட்டைத் தாண்டினால் என் கொட்டகை. அது அவர்கள் கண்ணில் படவில்லை. அன்றிலிருந்து என் எருமைகளுக்கு வைக்கோலும் பச்சைத் தண்ணீரும்தான். பெரியது பழைய காலத்து மனுஷி, பொறுத்துக்கொண்டது. சின்னது தொட்டியில் மூக்கை விட்டு ஊதி, தலையைத் தூக்கி என்னைப் பார்க்கும். வயிற்றில் கன்று இருக்கிறது, விலா எலும்பு தெரிகிறது.

என் மருமகள் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மிஷின் தைக்கிறாள். விடியற்காலை கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவாள். நல்ல பெண், அளவாகப் பேசுவாள். ஒரு நாள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டகைப் பக்கம் நின்று பார்த்தாள்.

"அத்தை, சின்னதைக் குடுத்துடலாம். சினையா இருக்கும்போதே குடுத்தா நல்ல எடத்துக்குப் போவும். அங்கயாவது வவுறு நெறையும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பெரியது இன்னும் எத்தனை நாள் கறக்கும்? சின்னது போய்விட்டால் அடுத்த வருஷம் கொட்டகை காலி. கொட்டகை காலியானால் நான் மருமகள் வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற கிழவி. கம்பெனியை விட்ட நாளிலிருந்து ஒரு வேளைச் சோற்றுக்கும் நான் யார் கையையும் பார்த்ததில்லை. அந்த எருமை போனால் பால் மட்டும் போகவில்லை, என் நிமிர்ந்த நடையும் போகிறது. அதை மருமகளிடம் எப்படிச் சொல்வது? வரச் சொல்லு தரகரை என்றேன்.

அதற்குள் காலேஜுக்கு ஒரு குழு வரப்போகிறது என்று பேச்சு. ஒவ்வொரு காலேஜாகப் போய், யார் எவ்வளவு பசுமை என்று பார்த்து மார்க் போடுகிறவர்களாம். தத்துக் கிராமம் என்பதால் எங்களையும் கூப்பிட்டார்கள். போனேன். உள்ளே நுழைந்ததும் ஒரு பேனர். துணிப் பேனர்தான், பிளாஸ்டிக் கூடாதே. அதில் என் முகம், என் ஆள் உயரத்துக்கு. கண் முகாமில் எடுத்த போட்டோ. கீழே ஏதோ எழுதியிருந்தது. அவர்கள் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டே படித்தேன். எழுத்துக் கூட்டக் கொஞ்சம் நேரம் பிடித்தது. 'பசுமைத் திட்டப் பயனாளி.'

எதிர்வீட்டுக்காரி பக்கத்தில் நின்று, "இன்னாக்கா, உனக்கு இன்னா குடுத்தாங்க, எங்களுக்குத் தெரியாம?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. குடுக்கலடி, எடுத்துக்கினாங்க என்று சொல்ல வாய் வந்தது. சுற்றிலும் பச்சைத் தொப்பிப் பிள்ளைகள், அவர்கள் காதில் விழ வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டேன்.

தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனபோதுதான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். அன்றைக்கு அவருக்குத் திருவிழா. எங்கள் பக்கத்தில் மந்திரி வந்தாலும் கலெக்டர் வந்தாலும் ரோட்டின் இரண்டு ஓரத்திலும் பிளீச்சிங் பவுடரைக் கோடாகப் போடுவார்கள். ஊரில் வெள்ளைக் கோடு விழுந்தால் யாரோ பெரிய மனுஷர் வருகிறார் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அவர் அந்தக் கோட்டை வாசலில் ஆரம்பித்து, மரக்கன்றுகளைச் சுற்றி, ஹாஸ்டல் பின்பக்கம் வரைக்கும் கோலம் மாதிரி இழுத்துவிட்டிருந்தார். பிறகு மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, மிஞ்சின பவுடரையும் டேங்கின் வாயில் தட்டி, மேலே பினாயில் கேனைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேன் தீர்ந்ததும் இன்னொரு கேனைத் திறந்தார்.

"வர்றவங்க பெரிய மனுசங்க பெரியம்மா. நாத்தம் மூக்குல ஏறக்கூடாது" என்றார்.

செய்ய வேண்டியதைத்தான் செய்கிறார் என்று நானும் நினைத்தேன். வந்தவர்கள் டேங்க் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம்கூட வாடை இல்லையே என்று ஆச்சரியப்பட்டார்கள். அடுப்பு நீலமாக எரிந்தது. அதில் போட்ட டீயைக் குடித்துவிட்டு, என் பேனருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். சூப்பர்வைசர் அன்றைக்கு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளை தோற்றான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சமையல் பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சில நாளில் நெருப்பு சிறுத்ததாம். பால் பொங்க மறுத்ததாம். பிறகு தீக்குச்சி அளவுக்கு எரிந்து, ஒரு நாள் அதுவும் நின்றுவிட்டது. சிலிண்டர் திரும்பி வந்தது. டேங்கிலிருந்து புளிச்ச நாற்றம் கிளம்பி, மாடியில் படிக்கிற பிள்ளைகள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். யாருக்கும் காரணம் தெரியவில்லை. கண் பட்டுவிட்டது என்றுகூட ஒரு பேச்சு. எனக்கு அப்போது காலேஜ் கேஸைப் பற்றிக் கவலைப்பட நேரம் இல்லை. தரகர் வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் ஆலங்காயம் பக்கத்துக்காரர். வியாழக்கிழமை வந்தார். வெள்ளிக்கிழமை வீட்டு மாட்டைக் கயிறு மாற்றிக் கொடுக்க மாட்டோம் என்று அவருக்கும் தெரியும். சின்னதின் முதுகை அமுக்கினார், பல்லைப் பார்த்தார், வயிற்றில் காதை வைக்காத குறை. டீ குடித்தார். பிறகு தோள் துண்டை எடுத்துத் தன் கையின்மேல் போட்டுக்கொண்டு என் பக்கம் நீட்டினார். எங்கள் பக்கம் மாட்டு வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். நான் கையை விட்டால் பேச்சு ஆரம்பம். விடவில்லை. முந்தானையைச் சொருகுகிற மாதிரியும், கூந்தலை முடிகிற மாதிரியும் நேரம் கடத்தினேன்.

அப்போதுதான் வாசலில் சைக்கிள் மணி. மேடம். அவருக்குப் பின்னால் மொபெட்டில் சூப்பர்வைசர். அவர் தலை தொங்கிப் போயிருந்தது.

மேடம் நேராக விஷயத்துக்கு வந்தார். "அம்மா, உங்ககிட்ட சாணம் கெடைக்குமா? நெறைய வேணும்."

எதற்கு என்றேன். டேங்க் செத்துப்போச்சு என்றார். அவர் ஒவ்வொருவராக விசாரித்தாராம், டேங்கில் என்னென்ன கொட்டினீர்கள் என்று. சமையல் பெண்கள் சோறு என்றார்கள், தோல் என்றார்கள். சூப்பர்வைசர் முறை வந்தபோது அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நான் பினாயில் ஊற்றிச் சுத்தமாக வைத்திருக்கிறேன் மேடம், பிளீச்சிங் பவுடரும் போட்டேன் என்றாராம். டேங்குக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் இருந்துதான் சோற்றைத் தின்று கேஸ் விடுகின்றனவாம். பினாயில் அவ்வளவையும் கொன்றுவிட்டது. இனி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதுச் சாணம் கரைத்து ஊற்றி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பழைய பண்ணையில் இப்போது சாணம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

"சுத்தம்தான் மேடம் பண்ணேன்" என்றார் சூப்பர்வைசர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"சுத்தமாத்தான் பண்ணிட்டீங்க" என்றார் மேடம்.

எனக்கு அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. விருந்தாளி வந்தால் நாற்றத்தை யார் வைத்திருப்பார்கள்? "நானா இருந்தாலும் ஊத்தியிருப்பேம்மா" என்றேன். அவர் தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

பிறகு சொன்னேன். "சாணம் இன்னிக்கு இருக்குது, எடுத்துக்குங்க. அப்பறம் கம்மியாத்தான் இருக்கும். சின்னது போவுது."

மேடம் அப்போதுதான் தரகரையும் துண்டையும் பார்த்தார். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டார். நான் சின்னதின் கழுத்துக் கயிற்றைச் சரிபண்ணப் போய்விட்டேன். தரகர் சும்மா இருப்பாரா?

"கழனித்தண்ணி நின்னு போச்சாம் மேடம். அது காலேஜுலேர்ந்து வந்துகினு இருந்துதாம். வெறும் வைக்கோலு போட்டு யாருக்குக் கட்டும்? பேஜார்தான்."

மேடம் சின்னதின் விலாவைப் பார்த்தார். சின்னது அவர் சைக்கிள் கூடையில் இருந்த துணிப்பையை முகர்ந்து பார்த்தது.

"அன்னிக்கே கேட்டேனேம்மா, உங்களுக்குக் கஷ்டமான்னு."

"எனக்குக் கஷ்டமான்னுதான கேட்டீங்க. எருமைக்குன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

சூப்பர்வைசர் இருமினார். மேடம் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, சும்மா கிடந்த என் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். நூல் புடவை அழுக்காகுமே என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டு, இந்தப் பக்கம் எருமை, அந்தப் பக்கம் டேங்க் என்றார். அரிசி களைந்த தண்ணீர், கஞ்சி, பச்சைக் காய்த்தோல் எல்லாம் எருமைக்கு. எண்ணெய்ச் சோறு, மசாலாக் குழம்பு, தட்டு எச்சில், டீத்தூள் எல்லாம் டேங்குக்கு. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்கிற கத்தரிக்காயை எந்தப் பக்கம் போடுவது என்று ஒரு சின்னத் தகராறு நடந்தது. எண்ணெயும் புளியும் எருமை வயிற்றுக்கு ஆகாது என்று தரகர் தீர்ப்புச் சொன்னார். அவருக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. எருமை போடுகிற சாணத்தைத் தினமும் நான் டேங்குக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு கோடு.

"இது சரியா வருமாம்மா?"

"உள்ள போனா வெளிய வரும். எருமை இதுல ஏமாத்தாது" என்றேன்.

"சரி, சாணத்துக்கு உங்களுக்கு என்ன தரணும்னு சொல்லுங்க."

இதற்காகத்தான் காத்திருந்தேன். "ஒண்ணும் தர வாணாம். அந்தப் பேனர்ல என் மூஞ்சிக்குக் கீழ ஒரு வார்த்தை போட்டுருக்கீங்களே, பயனாளின்னு. அத எடுத்துடுங்க."

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "வேற என்ன போடலாம்?"

"எதுவும் போட வாணாம். எருமையை என் பக்கத்துல நிக்க வெச்சு வேற போட்டோ எடுத்து மாட்டுங்க. பாக்கறவங்களுக்குப் புரியும்."

அவர் சரி என்றார். தரகர் அதுவரைக்கும் துண்டுக்குள் கையை நீட்டியபடியே இருந்தார், பாவம், கை வலித்திருக்கும். நான் அவரைப் பார்த்து, இன்னொரு டீ குடிக்கிறீங்களா என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "காலேஜே போட்டிக்கு வந்தா நான் எப்படி யாவாரம் பண்றது?" என்றார். டீயைக் குடித்துவிட்டு, ஈற்று நாள் நெருங்கும்போது எருமையைப் பள்ளமான இடத்தில் கட்டாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நல்ல மனுஷன்.

டேங்க் பெரிசு. என் இரண்டு எருமையின் சாணத்தை வைத்து அதன் தரையைத்தான் மெழுகலாம். சாயங்காலம் தெருவில் சொன்னேன். மறுநாள் காலையில் மாடு வைத்திருக்கிற பெண்கள் எல்லோரும் கூடையோடு கிளம்பிவிட்டார்கள். ரோட்டில் பஸ்காரன் வண்டியை நிறுத்தி எங்களுக்கு வழி விட்டான். கேட்டில் சூப்பர்வைசர் நின்று ஒவ்வொரு கூடையாக வாங்கி இறக்கினார். மூக்கில் கைக்குட்டை இல்லை. எதிர்வீட்டுக்காரி தன் கூடையை அவர் கையில் கொடுத்துவிட்டு, "இப்ப யாரு யாரைத் தத்து எடுத்துக்கினது, சொல்லு?" என்றாள். அவர், "நீங்கதாம்மா" என்று ஒத்துக்கொண்டார். சோர்ந்துபோன ஆள்களிடம் வம்பு பேச அவளுக்குப் பிடிக்காது, காலிக் கூடையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கேஸ் திரும்பி வரக் கொஞ்ச காலம் ஆனது. அதற்குள் சின்னதின் விலா மூடிக்கொண்டது.  விடியற்காலையில் தொட்டியில் முந்தின நாள் கழனித்தண்ணி ஊற்றுகிற சத்தம் கேட்டு நான் எழுந்து பார்ப்பேன். கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மருமகள்தான் ஊற்றிக்கொண்டிருப்பாள். ஹார்ன் அடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவாள்.

சின்னது பகலில்தான் ஈன்றது. பெண் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கன்று குடித்தது போக மிஞ்சின சீம்பாலைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு, அன்றைக்கு நான் பின்வாசலுக்கு வண்டியில்லாமல் போனேன். சமையல் பெண்கள் அதில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு, என் எருமைச் சாணத்தில் எரிகிற அந்த நீல நெருப்பிலேயே ஏற்றினார்கள். வெந்து கெட்டியானதும் துண்டு போட்டார்கள். பட்டணத்துப் பிள்ளைகள் சிலருக்கு இது என்னவென்றே தெரியவில்லை, கேக்கா என்று கேட்டார்கள். ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கவில்லை, கையை நீட்டினார்கள். அன்றைக்குத் தராசில் விழ ஒரு பொட்டு மிஞ்சவில்லை. மேடம் ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு விரலைச் சூப்பினார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தார்.

பேனர் இப்போது மாறிவிட்டது. நான், பெரியது, சின்னது, கன்று. அடியில் ஒரு எழுத்தும் இல்லை. கன்று மட்டும் ஆடிவிட்டதால் முகம் தெளிவாக விழவில்லை.

போன வாரம் சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். இன்னொரு குழு வருகிறதாம், இந்தத் தடவை என் கொட்டகையையும் பார்ப்பார்களாம். கன்றுக்குட்டியைத் தடவிக்கொடுத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"பெரியம்மா, வாசல்ல மட்டும் லேசா ஒரு கோடு."

நான் தண்ணீர் நிறைந்த குடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இத ஊத்தித் தேய்ச்சிட்டுப் போ தம்பி, போதும்" என்றேன்.

நின்று தேய்த்துவிட்டுத்தான் போனார்.